வார்னிஷ் காயும் தெரு

காஞ்சிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டு நினைவுக்கு வரும், பிறகு கோயில், பிறகு இட்லி. பொம்மை நினைவுக்கு வருவது புரட்டாசி பிறந்தபின்தான். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் இருக்கும் பொம்மைக்காரத் தெருவுக்கு நான் போனது ஆடி மாதக் கடைசியில். வியாபாரம் இன்னும் சூடு பிடிக்கவில்லை. வேலை மட்டும் தலைக்கு மேல் இருந்தது. திண்ணையில் கை ஒட்டப்படாத கிருஷ்ணர்கள், மாடிப்படி நெடுக வெள்ளை பிரைமரோடு அஷ்டலட்சுமிகள்.

காகிதக் கூழ் பொம்மை உருவாகும் விதத்தை நவராத்திரிச் சிறப்பிதழ்கள் வருடா வருடம் எழுதிவிடுகின்றன. ஊறவைத்து அரைத்த காகிதத்தில் சாக் பவுடரும் மைதாப் பசையும் சேர்த்துப் பிசைந்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் முன்பாதி, பின்பாதி என்று அழுத்தி எடுத்து ஒட்டுவார்கள். வெயிலில் காய்ந்ததும் தேய்ப்பு, பிரைமர், வண்ணம், கண். நான் பார்க்க வந்தது அதற்கும் பிறகு நடப்பதை: எல்லாம் முடிந்த பொம்மைமேல் ஏறும் அந்தப் பளபளப்பான கடைசிப் பூச்சை.

"அதுல பார்க்க என்ன சார் இருக்கு? வார்னிஷ் அடிச்சா முடிஞ்சுது" என்றார் பட்டறைப் பெரியவர். சொல்லிவிட்டு மதியச் சாப்பாடு வரைக்கும் அதைப் பற்றியேதான் பேசினார்.

வண்ணம் அடித்து முடித்த ஓர் ஆண்டாளை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு கை வார்னிஷ் ஏறியிருந்தது. விளக்கின் பிம்பம் கன்னத்தில் ஒரே கோடாக இறங்கி, காதோரம் வந்ததும் நெளிந்தது. அச்சின் இரு பாதிகளும் சேரும் இடம் அது. "இங்க பட்டி சரியா இழுக்கல. இதுக்கு மேல எத்தனை கோட் அடிச்சாலும் இந்த நெளிவு போகாது. வார்னிஷ் இல்லாம இருந்தா உங்க கண்ணுக்கே பட்டிருக்காது" என்றார். மங்கலான வண்ணம் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடித்து மேடு பள்ளத்தை மழுப்பிவிடும். பளபளப்பு அப்படி இல்லை, அடியில் நடந்த அத்தனையையும் காட்டிக்கொடுக்கும். ஆண்டாள் திரும்பவும் கொல்லைப்பக்கம் போனாள்.

கொல்லையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பெண்கள் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் சொரசொரப்பானது, பிறகு நயமானது. புடவை மடிப்புக்குள் தேய்க்க, தாளைக் கிழித்து ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்கிறார்கள். காது மடலுக்கு ஈர்க்குச்சியில் சுற்றுகிறார்கள். கூலி பீஸ் கணக்கு. ஓர் அம்மா தேய்த்து முடித்ததைப் பார்க்கவே இல்லை, புறங்கையால் ஒருமுறை தடவிவிட்டுக் கீழே வைத்தார். "எங்க மாமியார் இப்படித்தான் பார்ப்பாங்க" என்றார். கண் எழுதுகிறவருக்குத் தெருவில் பேர் இருக்கிறது. அவர் வேலை நிற்பதோ இவர்கள் தேய்த்துக் கொடுத்த முகத்தில்.

பெரியவரின் உண்மையான கவலை வானம். காஞ்சியில் இந்த மாதங்களில் மாலைக்கு மேல் மேகம் கட்டி இடியோடு மழை வரும். ஸ்பிரே கன்னில் போகும் என்.சி. லேக்கரில் தின்னர் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது அந்தக் குளிர்ச்சியில் படிந்து, பூச்சு பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். "பூத்துப் போயிடும்" என்கிறார்கள். ஆகவே மேகம் கண்டால் கம்ப்ரஸர் நிறுத்தம். எண்ணெய் வார்னிஷுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் காய ஒரு ராத்திரி வேண்டும். அதுவரை பறக்கிற தூசி எல்லாம் அதில்தான் வந்து உட்காரும். தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலைச் சாத்தி, அந்த அறைக்குள் யாரையும் விடாமல் காக்கிறார்கள். பொம்மைக்குள் ஈரம் மிச்சமிருந்தாலோ எந்தப் பூச்சும் உதவாது. வெயில் பட்டதும் குமிழ் கிளம்பும்.

வீட்டுப் பையன் டிப்ளமோ படித்தவன். போனில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் மரத்தில் செதுக்கும் பொய்மீன்களைப் பார்த்து, அதே எபாக்சியை வாங்கி வந்திருக்கிறான். மீனின் பல்லும் பாறையும் வண்ணத்தை உரிக்காமலிருக்க அவர்கள் அதைப் பூசி, வழியாமல் கெட்டிப்படும்வரை சின்ன மோட்டாரில் மெல்லச் சுழற்றுகிறார்கள். இவனும் பழைய டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்றைக் கியர் வைத்து மாற்றியிருந்தான். அதில் மாட்டிய கைப்பிடி அளவுப் பிள்ளையார் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் மின்னினார். ஒரே பூச்சு, தூரிகைத் தடம் கிடையாது.

எபாக்சி நமக்குப் புதிதல்ல. 1946-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் கொண்டுவந்த அரால்டைட் இல்லாத வீடு இங்கே குறைவு. பொய்மீன் கதையிலும் ஒரு சுவாரசியம் உண்டு. 1936-இல் பின்லாந்து மீனவர் லவுரி ரபாலா தக்கையைச் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுற்றி, மேல்பூச்சுக்குப் புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். அக்காலப் படச்சுருளுக்கும் இந்தப் பட்டறை லேக்கருக்கும் மூலப்பொருள் ஒன்றே, நைட்ரோசெல்லுலோஸ். பையனிடம் சொன்னதும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப நீங்கதாம்பா பழைய ஸ்டைல் மீன்காரர்."

அப்பா மசியவில்லை. உள்ளே அழைத்துப்போய் ஒரு ராமர் பட்டாபிஷேக செட்டைக் காட்டினார். யாரோ ஒரு பாட்டிக்குச் சீராக வந்தது, பேத்தி புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாள். வார்னிஷ் பழுத்துச் சீதையின் முகமே தேன் நிறமாகியிருந்தது. பஞ்சைத் தின்னரில் தொட்டு ஓர் ஓரத்தில் துடைத்தார். பழுப்பு பஞ்சோடு வந்தது, அடியில் மஞ்சள் முகம் தெரிந்தது. எபாக்சியை இப்படித் துடைத்து எடுக்க முடியாது. பிசினும் ஹார்டனரும் சேர்ந்து இறுகிவிட்டால் தின்னரில் கரையாது. சுரண்டினால் காகிதமும் சேர்ந்து பெயரும். கொலுப் பொம்மை ஒரே ஆளோடு முடிகிற பொருளல்ல, அடுத்த தலைமுறையில் இன்னொரு கை அதைத் தொட்டாக வேண்டும் என்பதால் நான் பெரியவர் கட்சி. கடைகளில் இப்போது மினுக்கம் ஏறி, பெருமாளின் முகத்தில் திருமுகம் தெரிவதற்குமுன் டியூப் லைட்தான் தெரிகிறது என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

ஆனால் பையன் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. 2019-இல் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது, சயனக் கோலமும் நின்ற கோலமுமாகச் சின்னச் சின்ன உருவங்களை இந்தத் தெருவில் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர் அடுத்து எழுந்தருள்வது 2059-இல். இடையில் பிழைக்க வருடம் முழுக்க விற்கும் பொருள் வேண்டும். கார் டாஷ்போர்டு பிள்ளையார்களை எபாக்சியில் போடலாம் என்கிறான். அவற்றை யாரும் பேத்திக்கு வைத்துப் போகப்போவதில்லை. எபாக்சிக்கு வெயில் ஆகாது, புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும் என்று நான் இடையில் சொன்னேன். டாஷ்போர்டைவிட வெயில் படுகிற இடம் ஏது? அதற்கென்று வெயில் தாங்கும் பிசின் தனியாக வருகிறதாம், விலைதான் கொஞ்சம் கூட.

பெரியவர் யோசித்தார். "ரெண்டு டப்பாவிலயும் ஒவ்வொண்ணு போடு. மொட்டை மாடியில வெச்சிடு. அடுத்த ஆடிக்குப் பார்த்துட்டு வெலை பேசலாம்."