முட்டி நின்ற வண்டி

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் உளுந்தூர்பேட்டை. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஏராளமான பெண் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள். அவர்களில் சிலர் ரோபோ செய்யப் பழகுவதைப் பார்க்க, ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன்.

பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மூவர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கையகல வண்டி ஒன்று. அதன் முகப்பில் அல்ட்ராசோனிக் சென்சார். காதுக்குக் கேட்காத ஒலியை அது அனுப்பும். எதிரே இருப்பதில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு தூரத்தைக் கணக்கிடும். 20 செ.மீ. இருக்கும்போதே வண்டி நிற்க வேண்டும். அதுவோ அடுக்கி வைத்த நோட்டுகளில் நேராகப் போய் முட்டியது.

“மிஸ், சென்சார் போயிடுச்சு.”

ஆசிரியை வயரைத் தொடவில்லை. “போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? அளந்து பாருங்கம்மா.”

ஒருத்தி ஸ்கேலை வைத்தாள். 15 செ.மீ. தூரத்தில் நோட்டு, திரையில் 30. நோட்டை 30-க்கு நகர்த்தினாள், திரையில் 60.

“ஏய், எல்லாமே ரெண்டு மடங்கா வருதுடி!”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓரத்தில் இருந்தவள் சொன்னாள்: “சத்தம் போயிட்டுத் திரும்பி வருதுல்ல? நாம போன தூரம், வந்த தூரம் ரெண்டையும் சேத்துக் கணக்குப் போட்டுட்டோம்.”

நிரலில் இரண்டால் வகுக்க விட்டுப்போயிருந்தது; நிற்கும் கட்டளை தாமதமாகப் போக, வண்டி வந்த வேகத்தில் முட்டிவிட்டது. திருத்தினார்கள். அடுத்த ஓட்டத்தில் வண்டி நோட்டுக்கு முன்பே நின்றது. பாடப் புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட எதிரொலிக் கணக்கு, அன்று அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

நம் வீடுகளில் மிக்ஸி பழுதானால் ஸ்குரூ டிரைவர் அண்ணன் கைக்குத்தான் போகும். தங்கைக்குக் கிடைப்பது, “தொடாதே, கெட்டுப்போயிடும்” என்ற சொல். இந்த வகுப்பில் அவளே கழற்றலாம், மாட்டலாம், தப்பாகவும் மாட்டலாம். ரோபோட்டிக்ஸ் வகுப்பு பெண் பிள்ளைகளுக்குத் தரும் பெரிய கொடை இந்த உரிமைதான் என்பேன்.

தவறு நடக்காத இடம் எது? நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் உருவாக்கிய கருவிகளைச் சுமந்த ஆசாதிசாட் செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப்பள்ளி மாணவிகளும் அவர்களில் உண்டு. ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வில் அளவீடுகள் குழம்பின. சென்சார்கள் கெட்டுவிட்டன என்று ராக்கெட்டின் கணினி முடிவுகட்டியது. செயற்கைக்கோள் உரிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை. இஸ்ரோ காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை எட்டியது. இஸ்ரோவுக்கும் இந்த மூன்று பெண்களுக்கும் வழிமுறை ஒன்றே: அளந்து பார், காரணத்தைக் கண்டுபிடி, மறுபடி ஓட்டு.

திட்டங்களுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் அமைக்கத் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி உண்டு. தமிழக அரசின் டிஎன் ஸ்பார்க் திட்டம் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவையும் ரோபோட்டிக்ஸையும் கொண்டுவருகிறது. ஆனால் மாணவிக்கு வேண்டியது பொருளோடு நேரமும்தான். மாலை பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்கிற பிள்ளையை, பள்ளி முடிந்த பிறகு இரு என்று சொல்ல முடியாது. இதே மாவட்டத்தின் கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம்.

ஆகவே, இந்த வகுப்பு கால அட்டவணைக்குள் வர வேண்டும். ரோபோ கிட் பீரோவில் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஒரு சென்சார் பழுதானால் “யார் உடைச்சது?” என்று கேட்காமல் மாற்றித் தர ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒதுங்கி நின்ற பிள்ளைகள் அப்போதுதான் முன்னால் வருவார்கள்.