முகம்

ஏலச் செய்தி ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த, பசிபிக் தீவினரான மாய் என்பவரின் உருவப்படம் 2001-இல் லண்டனில் ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று.

ரெனால்ட்ஸின் காலத்தவரான டில்லி கெட்டில் 1769-இல் சென்னைக்கு வந்து, ஆர்க்காட்டு நவாப் முகமது அலியை அணிகலன்கள் மின்ன வரைந்தார். கடனில் மூழ்கியிருந்த அந்நவாப் 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776 வரை நம் வயல்களின் வருவாய்மேல் அவரும், அவருக்குக் கடன் கொடுத்த ஆங்கிலேயரும் உரிமை கொண்டாடினர். நெல்லை விளைவித்தவர்களின் முகங்களைத் தேடி எந்த ஓவியரும் வரவில்லை.

சென்ற மாதம் திருக்காட்டுப்பள்ளியில், நாற்று நட்டே முதுகு கூனிய மூதாட்டி ஒருவரை அடக்கம் செய்தோம். மாலையிட வீட்டில் படமில்லை. வாக்காளர் அட்டையிலிருந்த மங்கிய முகத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தனர்.

“அம்மா மாதிரியே இருக்குதா, சாமி?” என்று மகன் கேட்டார்.

ஞாயிறுதோறும் என் கையால் நற்கருணை பெற்ற முகம் அது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.