செல்லும் என்றேன்

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அப்போது எனக்குப் பத்து வருஷ பிராக்டிஸ். அனுபவம் போதவில்லை என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை.

1998-ல் சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் புருஷன் அமெரிக்காவில் வாங்கிய விவாகரத்துத் தீர்ப்பு. முதல் பக்கத்தில் மேடாக எழும்பிய முத்திரை, தடவினால் விரலில் நெருடியது. பின்பக்கம் அங்குள்ள நம் துணைத் தூதரகத்தின் ரப்பர் ஸ்டாம்ப். சம்மன் தபாலில் வந்ததாம், இவர் போகவில்லை. எதை விற்றுப் போவது? திருமணம் மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்பதுதான் தீர்ப்பில் இருந்த ஒரே காரணம்.

"இது செல்லுமா வக்கீல் சார்?" என்றார் அப்பா.

"நம்ம தூதரகமே சீல் போட்டிருக்கே. செல்லும்."

பீஸ் வேண்டாம் என்று பெருந்தன்மை வேறு.

நகல் உண்மையான நகல்தான் என்பதற்கு மேல் அந்த ஸ்டாம்ப் எதுவும் சொல்லாது. வெளிநாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுமா என்பதற்கு சிவில் நடைமுறைச் சட்டத்தில் 13-வது பிரிவு இருக்கிறது. எப்போதெல்லாம் கட்டாது என்று ஆறு சந்தர்ப்பங்களை அது சொல்கிறது. கடலூர் வக்கீலுக்கு இது தெரியாமல் போகலாமா? 1954 வரை தென்பெண்ணையைத் தாண்டினால் பாகூரே பிரெஞ்சு மண், அங்கத்தித் தீர்ப்பு இங்கே வெளிநாட்டுத் தீர்ப்பு. வந்திறங்கிய துணைத் தூதரை ஒரு நாடு ஏற்பதற்கும், வெளித்தீர்ப்பை நிறைவேற்ற கோர்ட் அனுமதிப்பதற்கும் பிரெஞ்சில் ஒரே சொல், 'எக்ஸெக்வாத்தூர்' என்று என் சீனியர் சொல்வார். ரெண்டுமே முத்திரையோடு வரும், நாம ஏத்துக்கிட்டாதான்யா உயிர் என்பார். தலையாட்டிக் கேட்டவன் நான்.

இருபது நாள் கழித்து வேறு வழக்குக்காகத் தீர்ப்புத் தொகுப்பைப் புரட்டியபோது கண்ணில் பட்டது: நரசிம்ம ராவ் – வெங்கட லட்சுமி, உச்ச நீதிமன்றம், 1991. திருப்பதியில் நடந்த கல்யாணம், மிசௌரி மாநிலத்தில் வாங்கிய விவாகரத்து. மனைவி அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்படவில்லை, சொன்ன காரணமும் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. ஆகவே இங்கே செல்லாது. அச்சு அசலாக இவர் கதை. அந்த வால்யூம் ஏழு வருஷமாக என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. அது கிடக்கட்டும், விவாகரத்தானவருக்கும் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் ஜீவனாம்சம் உண்டே, அதையாவது சொன்னேனா? புருஷன் பேரில் புவனகிரிப் பக்கம் நிலம் இருந்தது.

அன்றே ஒரு கார்டு போட்டிருக்கலாம். விலாசம் டைரியில் இருந்தது. தப்பாகச் சொன்னவன் என்ற பேர் சிதம்பரம் வரை போய்விடுமே என்று பயந்தேன். அவர்களே வேறு வக்கீலைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் நிலம் கைமாறியது.

பிறகொரு ஆனித் திருமஞ்சனத்தன்று சிதம்பரம் கீழவீதிக் கூட்டத்தில் அவரே என்னை அடையாளம் கண்டு வந்தார். அப்பா இல்லையாம்.

"அந்தப் பேப்பரை இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன் சார். நீங்க செல்லும்னு சொன்னீங்கல்ல."

"நல்லதும்மா" என்றேன்.