நாங்கள் எறிந்த கல்

பாம்பென்றால் படையும் நடுங்கும். நாங்கள் ஐவர் நடுங்காமல் இருப்போமா? மே விடுமுறையில் கீரிப்பாறைப் பக்கம் தோழியின் பெரியப்பா வீட்டிற்குச் சென்றிருந்தோம். ரப்பர் தோட்டத்தின் ஓரம், பாறை இடுக்கில், மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அலறினோம், கல்லும் எறிந்தோம். கல் மேலே விழுந்தும் அது அசையவில்லை.

பால்வெட்டும் தாத்தா ஓடி வந்தார். "எறியாதீங்க மக்களே! அது முட்டைக்கு அடையிருக்கு" என்றார்.

பள்ளி திறந்ததும் உயிரியல் வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டோம். மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. எலி, முயல் போன்ற இரையைச் சுற்றி இறுக்கியே கொல்லும். தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றி வளைத்து ஏறத்தாழ 2 மாதம் காக்கும். அந்நாட்களில் பெரும்பாலும் இரை எடுக்காது. குளிர்ந்தால், தன் தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து உடலைச் சூடாக்கி, முட்டைகளுக்கு வெப்பம் தரும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானையோடு இதுவும் முதல் அட்டவணையில் உள்ளது. கொல்வது குற்றம்.

அன்று அது ஏன் அசையவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. தலைகுனிந்தோம்.

தோழியரே, மலைப்பாம்பைக் கண்டால் விலகி நில்லுங்கள். வீட்டருகே வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கையிலிருக்கும் கல்லை மட்டும் கீழே போட்டுவிடுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவியர் ஐவர்