சந்திரமுகி 2: டாக்டர் சரவணன் சொன்ன டயக்னோசிஸ் என்னாச்சு?

1/ பேய்ப் படத்தோட ரெண்டாம் பாகம் பெரும்பாலும் சொதப்பும்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சேதான் டிக்கெட் எடுப்போம். வில்லா (2013) வந்தப்போ அதுல பீட்சாவைத் தேடினோம். அரண்மனை நாலு பாகம் வந்தாச்சு. அதெல்லாம் போகட்டும். சந்திரமுகி 2-ஐ (2023) மட்டும் ஒரு டாக்டரா என்னால அப்படி விட முடியல. ஏன்னு சொல்றேன்.

2/ முதல் பாகம் 2005 சித்திரை 1-க்கு வந்துச்சு. சென்னை சாந்தி தியேட்டர்ல ரெண்டு வருஷத்துக்கும் மேல ஓடுச்சு. மூலக்கதை 1993-ல ஃபாசில் எடுத்த மணிச்சித்ரதாழு. பேய்ப் படம்னு நம்பி உக்காந்தவங்க கிட்ட, "இங்க பேயே இல்ல, கங்காவுக்கு மனநோய்"னு சொன்ன படம் அது. சூப்பர் ஸ்டாரே அதுல மனநல மருத்துவர்!

3/ சினிமா சிகிச்சைதான், பாடப்புத்தகத்துல அப்படி இருக்காது. ஆனா ஒண்ணு கவனிங்க. கங்காவை யாரும் அடிக்கல, கட்டிப் போடல. மந்திரவாதியும் டாக்டரும் சேர்ந்து வேலை பாக்குறாங்க. வேட்டையன் பொம்மை எரியுது, கங்கா பிழைக்கிறா.

4/ அதே இயக்குநர் பி.வாசு எடுத்த ரெண்டாம் பாகத்துல சந்திரமுகி நிஜமாவே ஆவி. அப்போ டாக்டர் சரவணன் சொன்ன டயக்னோசிஸ் என்னாச்சு? இந்தியிலயும் இதே கதைதான். பூல் புலையா (2007) மனநோய்னு சொன்னதை, 2022-ல வந்த ரெண்டாம் பாகம் பேய்னு மாத்திடுச்சு.

5/ "படம்தானே சார், ஜாலியா பாருங்க"ன்னு சொல்வீங்க. நான் வேலை பாக்குறது திருமானூர் பக்கம், கொள்ளிடக் கரை. "பேய் பிடிச்சிருக்கு"ன்னு பொண்ணுங்களைக் கூட்டிட்டு வருவாங்க. பல நேரம் நாங்க கடைசி ஸ்டாப். வேப்பிலை அடி, மந்திரிச்ச கயிறு எல்லாம் முடிஞ்சுதான் வருவாங்க.

6/ அதுல சிலது வலிப்பு. சிலது மூளைக்காய்ச்சல். சிலது பிரசவம் முடிஞ்ச சில நாள்ல வர்ற மனநோய். சுகர் இறங்கினாக்கூட உளறல் வரும். இதுல சிலதுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பூசாரி வீட்டுத் திண்ணையில ஒரு வாரம் போச்சுன்னா உயிரே போகலாம்.

7/ டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்தா அடுத்த கொடுமை. நேத்து வரைக்கும் பேய்னு சொன்ன அதே வீடு, "அப்போ நடிக்கிறா"ங்கும். நடிப்பு இல்லைங்க. வாய் திறந்து சொல்ல முடியாத மன அழுத்தம் உடம்பு வழியா வெளிய வருது. மருமகளா பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. சாமியா, பேயா பேசினா வீடே கைகட்டி நிக்கும். இது அவ தெரிஞ்சு செய்றதில்ல. கங்காவுக்கும் தெரியாதுல்ல?

8/ 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில கட்டி வெச்சிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில இறந்தாங்க. ஓடக்கூட முடியல. இன்னைக்கு மனநலச் சட்டம் 2017 படி சங்கிலியில கட்டுறது குற்றம். அதே ஏர்வாடி தர்காவுல பிரார்த்தனையோட சேர்த்து மனநல சிகிச்சையும் கொடுக்க அரசு ஏற்பாடு பண்ணுச்சு. சரவணனும் ஆச்சாரியாரும் கை கோத்த மாதிரிதான்.

9/ அதனால கோயிலுக்குப் போகாதீங்கன்னு நான் சொல்லல. குணசீலம் போங்க, திருநீறு பூசுங்க. ஆனா முதல்ல ஆஸ்பத்திரி. மாத்திரையை நிறுத்தாதீங்க. அடிக்க மட்டும் விடாதீங்க.

10/ மாவட்டத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, இலவசம். போன்ல பேசணும்னா டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும்.

11/ ரெண்டாம் பாகம் நல்லா இல்லேன்னா நமக்கு நஷ்டம் டிக்கெட் காசு மட்டும்தான். ஆனா "பேய் இல்ல, நோய்"னு ஒரு படம் ஊருக்கே புரிய வெச்சதை அடுத்த பாகம் அழிச்சிட்டா, அந்த நஷ்டம் எங்கேயோ ஒரு கங்காவுக்கு. முதல் பாகத்தை வீட்ல பெரியவங்களோட சேர்ந்து இன்னொரு தடவை பாருங்க.