படிப் பழத்துக்கு உரி சீனி

சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! பந்தல் பந்தலாகத் திராட்சை. அதுவும் கொட்டையில்லாத பச்சைத் திராட்சை. கொட்டை எடுக்கும் வேலை மிச்சம் என்றதும் ஜாம் ஞாபகம் வராமல் இருக்குமா?

தோட்டத்து வீட்டு அம்மாளிடம் பக்குவம் கேட்டேன். "படிப் பழத்துக்கு உரி சீனி, அம்புட்டுத்தாம்மா" என்றார்.

1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தும் படி இன்னும் பல சமையலறைகளை விட்டு இறங்கவில்லை. படி என்பது ஏறக்குறைய 1½ லிட்டர். ஆகவே, 1½ கிலோ பழம் என்று வீட்டில் கணக்குப் போட்டேன். சீனியை மட்டும் உரியால், அதாவது அரைப்படியால், அளந்தே போட்டேன். பத்தே நாளில் ஜாடியில் பூசணம்! பிரசவத்துக்கு வந்திருந்த தங்கைக்காகக் கிளறியது.

மறுமுறை போனபோது படிப் பழத்தைத் தராசில் கொட்டினோம். ஒரு கிலோகூடத் தேறவில்லை. உருண்டைகளைக் கொட்டினால் இடையிடையே சந்து விழுமல்லவா? ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வெறும் காற்று! சீனி அப்படியல்ல, நெருங்கி உட்காரும், லிட்டருக்கு 800 கிராமுக்கு மேலேயே நிற்கும். எடையில் பார்த்தால் 3 பங்கு பழத்துக்கு 2 பங்கு சீனி என்பதுதான் அம்மாளின் பக்குவம். நான் போட்டதோ பாதியை எட்டவில்லை.

உங்கள் வீட்டு 200 மில்லி டம்ளரையும் சோதித்துப் பாருங்கள். தண்ணீர் 200 கிராம், அரிசி 170-ஐ ஒட்டி, மைதா அதைவிட வெகு குறைவு.

அம்மாள் சிரித்தார்: "காத்துக்கும் சேர்த்துல்ல பழம் போட்டிருக்கீக!"