அப்பாவின் அளவு நோட்டு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்)

நம் கல்லூரிக்குக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் நண்பர்களுக்கு மொய் விருந்து என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர் நண்பர்களுக்காக இரண்டு வார்த்தை. எங்கள் பக்கத்திலும், ஒட்டியிருக்கும் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி, ஆவணி இரண்டு மாசமும் மொய் விருந்துக் காலம். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்துக் கறிச்சோறு போடுவார்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். அவர்கள் வீட்டு விருந்து வரும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டில் இருக்கும் பேரும் தொகையும்தான் சாட்சி. அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

எங்கள் வீட்டில் இதுவரை மொய் விருந்து வைத்ததில்லை. ஆனால் என் படிப்பும் அந்தப் பந்தலிலிருந்துதான் வருகிறது. என் அப்பா சமையல்காரர். ஆடி பிறந்தால் வாரத்துக்கு மூன்று பந்தல், நான்கு பந்தல் என்று ஓடுவார். அந்த இரண்டு மாசச் சம்பளம்தான் எனக்குப் பீஸ், தங்கச்சிக்கு ஸ்கூல் செலவு, அம்மாவின் நகையைத் திருப்பும் பணம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. கையில் காசில்லாத ஊரில் மொய் எங்கே இருக்கும்? 2020-ல் கொரோனா ஊரடங்கு. அந்த வருஷங்களில் எங்கள் வீட்டு அண்டா எல்லாம் கவிழ்ந்தே கிடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கையெழுத்து மட்டும் போடுவார். மொய் எழுதும் மேசையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டு இருக்கிறது. சில பந்தலில் இப்போது கம்ப்யூட்டரே வந்துவிட்டது. பின்னால் அடுப்படியிலோ, ஆயிரம் பேருக்கு உண்டான கணக்கு அத்தனையும் ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது! பார்ட்டி வந்து "எத்தனை பேருக்கு" என்று சொன்னதும் அப்பா மளிகைக் கணக்கை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். பார்ட்டிதான் எழுதிக்கொண்டு போவார்.

பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. லேப் ரெக்கார்டு எழுதுவதுபோல இதையும் எழுதி வைத்தால் என்ன? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, "சொல்லுங்கப்பா" என்று உட்கார்ந்தேன்.

அப்பா முகம் மாறிவிட்டது. "எழுதிட்டா நாளைக்கு எவன் வேணும்னாலும் ஆக்கிப்புடுவான். அப்புறம் எனக்கு என்னடா வேலை?" என்றார்.

நான் விடவில்லை. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் என்பவர் சைவச் சமையலை 'சமைத்துப் பார்' என்று புத்தகமாகவே எழுதியதைச் சொன்னேன். புதிதாகக் குடித்தனம் போகும் பெண்களுக்கு அதைச் சீரோடு கொடுத்தனுப்பிய வீடுகள் உண்டு. நம் மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018-லிருந்து யூடியூப்பில் சமைக்கிறார்கள். போடும் ஒவ்வொரு சாமானையும் சத்தமாகப் பேர் சொல்லித்தான் போடுகிறார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். சொல்லிக் கொடுத்ததால் அவர்களுக்கு என்ன குறைந்துபோனது?

அப்பா அசரவில்லை. "அவரு ஊரு உலகத்துக்கு ஆக்குறாரு. நான் பந்திக்கு ஆக்குறேன். ஒரு பந்தி கெட்டா அடுத்த ஆடிக்கு ஒருத்தனும் கூப்பிட மாட்டான்" என்றார்.

கடைசியில் அம்மாதான் பேசினார். "ஏங்க, எழுதுறது யாரு, ஊரானா? உங்க புள்ளதானே!" அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரியே அப்பா சொல்ல ஆரம்பித்தார். நூறு பேருக்கு அரிசி 12 கிலோ, கறி 15 கிலோ, சின்ன வெங்காயம் 3 கிலோ...

எழுத எழுதத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. "அப்ப ஆயிரம் பேருக்கு எல்லாத்தையும் பத்தால பெருக்கணும், அப்படித்தானே?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "அரிசியும் கறியும் பெருக்கு. தண்ணியையும் உப்பையும் பெருக்கினா குழம்பு போச்சு."

ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நாம் படித்ததை வைத்து நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பாத்திரத்தை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் வாயின் பரப்பு 4 மடங்குதான் கூடும், கொள்ளளவோ 8 மடங்கு. ஆவி போவது வாய் வழியாக. ஆகவே அண்டாக் குழம்பு, வீட்டுச் சட்டிக் குழம்பு அளவுக்குச் சுண்டாது. சோறும் அப்படித்தான். அண்டாவில் சூடு சீக்கிரம் இறங்காது. வடித்த பிறகும் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அப்பா முக்கால் பதத்திலேயே வடிக்கச் சொல்கிறார். இதைப் படம் போட்டுக் காட்டியபோது, "இதுக்குத்தான் பீஸ் கட்டுறேனா? நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க" என்றார். எனக்கு யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியதுபோல இருந்தது!

ஆனாலும் உப்புக்கு மட்டும் அவர் அளவு சொல்லவே இல்லை. "முக்கால் பங்கு போடு. மிச்சம் நான் பாத்துக்குறேன்" என்றார். நானும் அப்படியே எழுதினேன்: "உப்பு - முக்கால் பங்கு. மிச்சம் அப்பா."

போன ஆவணியில் 600 பேர் விருந்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். முதல் நாள் அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. விட்டால் சம்பளம் மட்டுமல்ல, பேரும் போய்விடும். விடிய விடிய மாமாவும் இரண்டு கையாட்களும் கோட்டை அடுப்பில் நின்றார்கள். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாக வாசித்தேன். கறி 90 கிலோ. மல்லி, மிளகாய் எல்லாம் நிறுத்துத்தான் போட்டோம். நிறம் வந்தது, வாசம் வந்தது. மாமா ருசி பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு மாப்ள, என்னமோ ஒண்ணு இல்ல" என்றார்.

டி.வி.எஸ். பிப்டியில் பின்னால் உட்காரவைத்து அப்பாவைக் கூட்டி வந்தோம். போர்வையோடு அண்டா பக்கம் வந்து, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். இரண்டு கை உப்பு போட்டார். விறகை வெளியே இழுக்கச் சொன்னார். "இப்ப இலையைப் போடச் சொல்லு" என்றார். மூன்று பந்தி. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. முழுச் சம்பளமும் கைக்கு வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நோட்டு இருந்தும் என்னையத் தூக்கிட்டுத்தானேடா போனீங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய பழைய பயம் போய்விட்டதென்று எனக்குத் தோன்றியது. மறுவாரம் சந்தைக்குப் போனவர் தடிமனான நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து என் மேசை மேல் வைத்தார். "ரசத்துக்கு இன்னும் எழுதலியே" என்றார்.

நண்பர்களே, அடுத்த வருஷம் நாம் ஓசூர், ஒரகடம் என்று ஆளுக்கொரு கம்பெனிக்குப் போய்விடுவோம். அங்கே எல்லாம் எழுதித்தான் வைத்திருப்பார்கள். நம் அப்பா, அம்மாவில் கொத்து வேலை செய்பவர்கள், ஆசாரிகள், நெசவு நெய்பவர்கள் எத்தனை பேர்! அவர்கள் தலையில் இருப்பதை ஒருநாள் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அவர்கள் முதலில் கோபித்துக்கொள்வார்கள். பிறகு அவர்களே நோட்டு வாங்கித் தருவார்கள்.

எங்கள் நோட்டில் இப்போது 62 பக்கம் ஆகியிருக்கிறது. அடுத்த ஆடிக்கு அடுப்படியில் அதை வாசிக்கத் தங்கச்சி தயார். உப்புக்கு அப்பா இருக்கிறார்.